பச்சைப் பொட்டு

வெள்ளவத்தை
3 நவம்பர் 2024

அன்புள்ள கொன்ஸ்ரன்ஸ் மச்சாளுக்கு,

"டீச்சர், அடிமட்டமே பிழையெண்டா அதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

எட்டாம் வகுப்பில் ஹம்சிகா என்ற பிள்ளை ஒருநாள் என்னிடம் இப்படிக் கேட்டாள். சென்ரிமீற்றர் கோடு போட்ட அவளுடைய அடிமட்டத்தின் முனையை எலி கடித்திருந்தது. வகுப்பே சிரித்தது. "இன்னொரு அடிமட்டத்துக்குப் பக்கத்தில வைச்சுப் பார் பிள்ளை" என்றேன். இருபது வருடம் கழித்து அந்தக் கேள்வி இன்று காலை என் ஞாபகத்துக்கு வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன், சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? ஒஸ்லோவின் குளிர் உங்கள் காதை என்ன செய்கிறது? மகள் தனுஷியாவுக்குக் கால் வீக்கம் வற்றியதா? இங்கே அண்ணையும் நானும் நலம். போனில் எது சொன்னாலும் உங்களுக்குக் கொறகொற என்றுதான் கேட்கும் என்பதால் இமெயிலிலேயே ஒழுங்கான கடிதமாக எழுதுகிறேன். அண்ணை சிரிக்கிறார்: "உவள் பல்லுத் தீட்டப் போறதையும் அன்புள்ள எண்டு துவங்கி இப்படிக்கு எண்டுதான் முடிப்பாள்."

உங்கள் கொட்டாஞ்சேனை வீட்டைப் பூட்டி, அண்ணையை இரண்டு பெட்டிகளோடு இங்கே கொண்டுவந்தாயிற்று. பொரளைக் கிளினிக்கில் நேர்ஸ் ஷிஹாரா மிஸி என் போனில் புண் அளக்கிற செயலியைப் போட்டுத் தந்தா. காலையில், சீனி வருத்தத்தால் அண்ணையின் பாத ஓரத்தில் பெருவிரலுக்குக் கீழே வந்த புண்ணைக் கழுவி, பக்கத்தில் ஒரு பச்சை வட்டத்தை ஒட்டிப் படம் எடுக்க வேண்டும். வட்டத்தின் குறுக்களவு சரியாகப் பத்து மில்லிமீற்றர் என்று செயலிக்குத் தெரியும். அதை வைத்துப் புண்ணின் பரப்பைக் கணித்துவிடும். படத்துக்குள் ஓர் அடிமட்டம்! வரைபடத்தின் மூலையில் அளவுத்திட்டம் போடுவார்களே, அது போல. ஹம்சிகா ஞாபகத்துக்கு வந்தது இதனால்தான்.

இன்றைய கணக்கு 6.2 சதுர சென்ரிமீற்றர். மிஸிக்கும் உங்களுக்கும் அதே நிமிடத்தில் வந்துவிடும். அண்ணையின் முறைப்பாடு வேறு: "என்ர காலைப் பொரளையிலயும் பாக்கினம், ஒஸ்லோவிலயும் பாக்கினம். என்ர முகத்தைத்தான் ஒருத்தரும் பாக்கிறேல்லை."

உங்கள் சுகத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
சரோஜினிதேவி


ஒஸ்லோ
12 நவம்பர் 2024

அன்பு மச்சாள்,

ஆண்டவரின் இரக்கத்தால் சுகமாக இருக்கிறோம். தனுஷியா கட்டிலை விட்டு எழும்பக் கூடாதாம். இரட்டைப் பிள்ளைகள் மார்ச் மாதம் வரை உள்ளே இருக்க வேண்டுமென்றால் அவள் படுத்தே இருக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். சமையல், கழுவல், கூட்டல் எல்லாம் என் தலையில். என் சீனி வருத்தத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். குளிசை போடுகிறேன்.

காலையில் தேத்தண்ணிக்கு முன் உங்கள் படத்தைப் பார்க்கிறேன். நாற்பத்தொரு வருடம் பார்த்த கால். பெருவிரல் நகத்தில் அந்தப் பிளவு, அம்மிக் குழவியை அவர் காலிலேயே போட்டுக்கொண்ட அன்று வந்தது. நான் வேதக்காரி என்று என் கலியாணத்துக்கு மாதா கோயில் வாசல் வரைகூட வராத மச்சாள் இன்றைக்கு அவருடைய காலைக் கழுவுகிறா. எனக்குச் சிரிப்பும் வருகிறது, வேறொன்றும் வருகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். என் டிக்கெட் ஜனவரி 26. புண் நன்றாகச் சுருங்கினால் மட்டும் பிள்ளைப்பேறு வரை நிற்பேன். இல்லாவிட்டால் தனுஷியா அழுதாலும் ஏறிவிடுவேன். போன முறை ஒரு விரலாவது போகும் என்று டொக்டர் பயப்படுத்தியது உங்களுக்குத் தெரியும்தானே.

புதுக்கடைக் கோர்ட்டுப் பக்கம் போக விடாதீர்கள். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் வேலையை விட்டுப் பன்னிரண்டு வருடம். இன்னும் அந்தச் சாப்பாட்டுக் கடை வாங்கில் குந்தியிருந்து வழக்குக் கதைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. சப்பாத்துப் போட்டு அங்கே போனார் என்றால் கால் போய்விடும்.

கொன்ஸ்ரன்ஸ்


வெள்ளவத்தை
1 டிசம்பர் 2024

அன்புள்ள மச்சாள்,

உங்கள் கடிதத்தை அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். குழவிக் கதை பொய்யாம். குழவியைப் போட்டது நீங்களாம். நீங்கள் எல்லோரும் சுகம்தானே? எங்களுக்குக் குறையில்லை. மழைதான் விடவில்லை.

கணக்கு 5.9. மெதுவாகத்தான் இறங்குகிறது. நான் எப்போதும் சொல்கிற உதாரணம் உங்களுக்குத் தெரியும்: நாற்பது மார்க்ஸ் எடுத்த பிள்ளை அடுத்த தவணை நாற்பத்தைந்து எடுத்தால் படித்திருக்கிறது. எண்பது எடுத்தால் பக்கத்துக் கொப்பியைப் பார்த்திருக்கிறது.

கீழ்வீட்டு நிலாமும் ஸமீமாவும் பின்னேரங்களில் மேலே வருகிறார்கள். நாலு பேரும் சீட்டுக் கட்டை எடுத்து 304 அடிக்கிறோம். அண்ணை துரும்பை ஒளித்து வைத்துவிட்டு முகத்தை நீதவான் போல வைத்திருப்பார். என் வீட்டில் நாலு கதிரையும் ஒரே நேரத்தில் நிறைந்தது எந்த வருடம் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. காலையில் இரண்டு கோப்பை தேத்தண்ணி போடுகிறேன். முன்பெல்லாம் ஒன்றுதான்.

இருபதாம் திகதி கிளினிக்கில் புது மருந்துத் துணி கட்டப் போகிறார்களாம், வெள்ளி கலந்ததாம். பார்ப்போம்.

காதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரோ


வெள்ளவத்தை
27 டிசம்பர் 2024

அன்புள்ள மச்சாள்,

நத்தார் வாழ்த்துகள். தனுஷியாவுக்கு என் ஆசி. எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று 3.5! நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளித் துணி கட்டி ஒரு வாரம்தான். செயலியில் கோடு கிணற்றுக்குள் விட்ட வாளி மாதிரி நேரே கீழே போயிருக்கிறது. "நல்ல முன்னேற்றம்" என்று பச்சை எழுத்தில் வந்தது. கிளினிக் நத்தாருக்குப் பூட்டியிருந்தாலும் ஷிஹாரா மிஸி வீட்டிலிருந்தே ஒரு பூப்படம் அனுப்பினா.

ஒரு பகிடி. பெட்டியில் இருந்த பச்சை வட்டங்கள் எல்லாம் நத்தாரோடு முடிந்துவிட்டன. தீர்ந்தால் சொல்லுங்கள், அனுப்புகிறேன் என்று மிஸி சொல்லியிருந்தா. லீவில் இருக்கிற பிள்ளையைக் கரைச்சல் படுத்துவானேன்? காலி வீதியில் வளையல் கடைக்குப் போய் அதே பச்சையில் ஒட்டுப்பொட்டு ஒரு மட்டை வாங்கினேன். கடைக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "பச்சைப் பொட்டு இப்ப ஆர் டீச்சர் வைக்கினம்?" "எங்கட அண்ணைதான் தம்பி" என்றேன். பாவம், மட்டையை அவசரமாகச் சுற்றித் தந்தான். செயலியும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

உங்கள் முடிவை எழுதுங்கள்.

சரோ


ஒஸ்லோ
28 டிசம்பர் 2024

அன்பு மச்சாள்,

மூன்றரை! படத்தைத் தனுஷியாவின் கட்டிலுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அப்பாவின் புண்ணைப் பார்த்து ஒரு பிள்ளை இப்படிச் சிரித்ததை நான் பார்த்ததில்லை. நாங்கள் எல்லோரும் சுகம். நீங்களும் அப்படியே இருங்கள்.

டிக்கெட்டை ஏப்ரல் 20க்கு மாற்றிவிட்டேன். பிள்ளைகள் பிறந்து ஒரு மாதம் பார்த்துவிட்டு வருவேன்.

பொட்டுக் கதையை வாசித்துச் சிரித்துக் களைத்துப் போனேன். நாற்பத்தொரு வருடத்தில் அவர் எனக்கு ஒரு பொட்டு வைத்ததில்லை. அவருடைய காலுக்கு நீங்கள் வைத்துவிட்டீர்கள்.

கொன்ஸ்ரன்ஸ்


வெள்ளவத்தை
22 ஜனவரி 2025

அன்புள்ள மச்சாள்,

நாலு வாரமாக எழுதவில்லை. கோபிக்க வேண்டாம். பொங்கல் வேலை. நீங்களும் தனுஷியாவும் நலமா? நாங்கள் நலம்.

இன்று 3.9. கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆறில் இருந்தது மூன்றரைக்கு வந்துவிட்டு நாலைத் தொட்டால் அதற்காக அழலாமா? வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை ஒரு தவணை மூன்றாவதாக வந்தால் பள்ளிக்கூடத்தை மாற்றுவதில்லை. ஷிஹாரா மிஸி ஒருதரம் கூட்டிவரச் சொல்லிச் செய்தி அனுப்பியிருந்தா. "வீட்டில் நன்றாக இருக்கிறார், பெப்ரவரி நடுவில் வருகிறோம்" என்று பதில் போட்டேன்.

அண்ணை நல்ல உசார். நிலாம் கடைக்குப் போகும்போது காரில் ஏற்றிப்போய்ப் புதுக்கடையில் விட்டு, திரும்பும்போது கூட்டிவருகிறார். இரண்டு நாள்தான். செருப்போடுதான். காலுறை ஈரமாகிறது, மழைத் தண்ணியாக இருக்க வேண்டும். நோவில்லை என்று அவரே சொல்கிறார்.

நுளம்புக் கடி கூடிவிட்டது. 304 அடிக்கிற நேரம் சாம்பிராணி போடுகிறேன். ஸமீமாவும் ஒரு பக்கெற் கொண்டுவந்து தந்தா.

சரோ


ஒஸ்லோ
9 பெப்ரவரி 2025

அன்பு மச்சாள்,

சுகம். நீங்கள் எப்படி?

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இலக்கம் நல்லது. படம் நல்லது. ஆனாலும் தேத்தண்ணியை வைத்துவிட்டு யன்னலுக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன், போனை எடுக்கிறேன், வைக்கிறேன். தனுஷியா திட்டுகிறாள்: "அம்மா, ஒரு இடத்தில இருங்கோ. நான்தான் படுத்திருக்கிறன், நீங்களாவது இருங்கோவன்."

நேற்றுச் சுடுதண்ணிப் பையைக் காலில் வைத்துக்கொண்டு இருந்தேன். பாதம் சிவந்த பிறகு அவள்தான் கண்டு, கட்டிலில் இருந்தே எட்டிப் பிடுங்கி எறிந்தாள். எனக்குத் தெரியவே இல்லை. குளிரில் விறைத்திருக்கும். அது கிடக்கட்டும்.

நோவில்லை என்று அவர் சொன்னதை எழுதியிருந்தீர்கள். மச்சாள், சீனியால் அந்தக் காலுக்கு எட்டு வருடமாக நோவு தெரியாது. அதுதானே வருத்தமே. ஒன்றை மட்டும் நேராகக் கேட்கிறேன். மணக்கிறதா?

கொன்ஸ்ரன்ஸ்


வெள்ளவத்தை
15 பெப்ரவரி 2025

அன்புள்ள மச்சாள்,

நலம். நலமறிய ஆவல்.

இன்று 4.3. கிளினிக்குக்கு அடுத்த வாரம் போவோம். இலக்கத்தை விடப் பெரிய சாட்சி என்ன இருக்கிறது? நீங்கள் அங்கே இருந்துகொண்டு இல்லாததை எல்லாம் யோசிக்கிறீர்கள். தனுஷியாவைக் கவனியுங்கள். இங்கே நான் இருக்கிறேன்.

அண்ணைக்கு நேற்று மூன்று கையும் வெற்றி.

சரோ


ஒஸ்லோ
16 பெப்ரவரி 2025

மச்சாள்,

கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. அதனால் முதல் தடவையாகப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

நவம்பர் படத்தில் பச்சை வட்டம் அவருடைய பெருவிரல் நகத்துக்குள் அடங்கும், சுற்றிவர நகம் மிஞ்சும். நேற்றைய படத்தில் வட்டமும் நகமும் ஏறக்குறைய ஒரே அளவு. நகம் தேயவில்லை. அது எனக்குத் தெரிந்த நகம்.

பொட்டு பெரிது. அடிமட்டத்தை வைத்து அளந்து பாருங்கள். அளந்துவிட்டு எனக்குப் பதில் எழுதிக்கொண்டு இருக்க வேண்டாம். பொரளைக்கு ஓடுங்கள்.

கொன்ஸ்ரன்ஸ்


வெள்ளவத்தை
1 மார்ச் 2025

அன்புள்ள மச்சாள்,

இரண்டு வாரமாகத் தனுஷியாவுக்குத்தான் இரண்டு வரிச் செய்தி அனுப்பினேன். உங்களுக்கு எழுத என் கை வரவில்லை. இப்போது முழுவதையும் எழுதுகிறேன்.

பொட்டு பதின்மூன்று மில்லிமீற்றர். செயலி அதைப் பத்து என்று நினைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. பதின்மூன்றைப் பதின்மூன்றால் பெருக்கினால் நூற்று அறுபத்தொன்பது. பத்தைப் பத்தால் பெருக்கினால் நூறு. ஆறு சதுர சென்ரிமீற்றர் புண் அதன் கண்ணுக்கு மூன்றரை. 4.3 என்று நான் உங்களுக்கு எழுதிய அன்று உண்மையான அளவு ஏழைத் தாண்டியிருந்தது. வெள்ளித் துணியால் ஒன்றும் சுருங்கவில்லை. முப்பத்துநாலு வருடம் கணிதம் படிப்பித்தவள் ஒரு பொட்டை அளக்காமல் ஒட்டினேன்.

உங்கள் கடிதம் வந்து அரை மணித்தியாலத்தில் நிலாமின் காரில் ஏறினோம். ஷிஹாரா மிஸி கட்டை அவிழ்த்தா. அறையில் இருந்த மற்றவர்கள் யன்னல் பக்கம் திரும்பினார்கள். "ஏன் டீச்சர், மிச்சம் நாளா கொண்டு வராம இருந்தீங்களே" என்றா. திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். எலும்பு வரை போய்விட்டதாம். அன்றே வார்டில் விட்டார்கள். காய்ச்சல் நாலு நாள் விடவில்லை. பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் கணுக்காலோடு போயிருக்குமாம்.

அண்ணை கண் விழித்ததும் என் முகத்தைப் பார்த்தார். "என்ன தங்கச்சி, பத்தில ரெண்டுதானே போச்சு. எண்பது மார்க்ஸ் காணாதே?" என்றார். நான் வெளியே போய் நின்று அழுதேன்.

நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில்: ஓம், மணந்தது. ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மணந்தது. சாம்பிராணி நுளம்புக்கு இல்லை. ஸமீமா பக்கெற் கொண்டுவந்ததும் நுளம்புக்கு இல்லை. பாவம், அவ வாய் திறந்து சொல்லவில்லை. காலுறை நனைந்தது மழையில் இல்லை. பொங்கலுக்குப் பிறகு இங்கே மழையே பெய்யவில்லை. என் மூக்குக்குத் தெரிந்ததைப் போனில் இருந்த இலக்கம் இல்லை என்றது. நான் இலக்கத்தின் பக்கம் நின்றேன். எண்பது மார்க்ஸ் எடுத்த பிள்ளையைச் சந்தேகிக்க வேண்டும் என்று உங்களுக்கு எழுதிவிட்டு, அது என் வீட்டுக்கே வந்தபோது கைதட்டினேன்.

ஏன் என்று என்னையே கேட்டேன். நீங்கள் டிக்கெட்டை ஏப்ரலுக்கு மாற்றிய அன்று பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினேன். அது அண்ணையின் காலுக்காக இல்லை. இரண்டாவது கோப்பைக்காக. இலக்கம் சரியாக இருக்கும் வரை நீங்கள் வரமாட்டீர்கள். அவர் என்னோடு இருப்பார்.

இதற்கு மன்னிப்புக் கேட்க எனக்குச் சொல் தெரியவில்லை. நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்கு விளங்கும்.

சரோஜினிதேவி


ஒஸ்லோ
10 மார்ச் 2025

அன்பு மச்சாள்,

நாலாம் திகதி பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டும் பெண். ஒன்று இரண்டு கிலோ, மற்றது அதற்குச் சற்றுக் குறைவு. கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறார்கள். தனுஷியா சுகம். அவருக்கு நீங்களே வாயால் சொல்லுங்கள், அவள் போனில் சொன்னது அவருக்கு விளங்கியதோ தெரியாது, அழுகைதான் கேட்டதாம்.

உங்கள் கடிதத்தை வாசித்து ஒருநாள் முழுக்க உங்களைத் திட்டினேன். நோர்வேக்காரருக்குத் தமிழ் தெரியாதது நல்லது. அடுத்த நாள் திட்டு முடிந்துவிட்டது. பிறகு என் முறை வந்தது.

எட்டு வருடம் அந்தப் புண்ணுக்கு மருந்து கட்டியவள் நான். ஆறு ஒரு வாரத்தில் மூன்றரை ஆகாது என்று எனக்குத் தெரியாதா? பொட்டு என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். ஒளிக்கவில்லை. நான் சிரித்தேன். சிரித்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்காமல் விட்டேன். பெரிதாக்கினால் ஏதாவது தெரிந்துவிடும். தெரிந்தால் வர வேண்டும். மச்சாள், இங்கே காலையில் எழும்பினால் என் கையில் மருந்து மணம் இல்லை. எட்டு வருடத்துக்குப் பிறகு என் கைகள் வெறும் கைகளாக மணந்தன. அதை விட்டுவர எனக்கு மனமில்லை. பிள்ளைப்பேறு என்று எல்லோருக்கும் சொன்னேன். அது பாதி.

இரண்டு பேருமாகச் சேர்ந்து அவருடைய இரண்டு விரலை எடுத்திருக்கிறோம். ஆளுக்கு ஒன்று.

29ஆம் திகதி வருகிறேன். வந்ததும் கொட்டாஞ்சேனைக்குப் போகப் போவதில்லை. அந்த வீட்டில் பன்னிரண்டு படி. உங்கள் வீட்டில் லிப்ட் இருக்கிறது, நாலு கதிரை இருக்கிறது. என்னையும் வைத்துக்கொள்ளுவீர்களா? எனக்கும் 304 தெரியும்.

கொன்ஸ்ரன்ஸ்


வெள்ளவத்தை
12 மார்ச் 2025

அன்புள்ள மச்சாள்,

இரண்டு பேத்திகளுக்கும் என் முத்தங்கள். அண்ணை நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். செய்தியைச் சொன்னதும், "ரெண்டு போச்சு, ரெண்டு வந்திட்டுது. கணக்குச் சரி" என்றார். மிஸி புதுப் பச்சை வட்டங்கள் இரண்டு பெட்டி தந்தா. ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்றை எடுத்து அடிமட்டத்தில் வைத்து அளந்தேன். பத்து. இனிப் படம் எடுக்கும்போது பக்கத்தில் அடிமட்டத்தையும் வைப்பேன். எடுத்த பிறகு போனை மூடிவிட்டு, மூக்காலும் ஒருதரம் பார்ப்பேன்.

கதிரை நாலு இருக்கிறது. ஐந்தாவதை ஸமீமா கீழேயிருந்து கொண்டுவருகிறாவாம். மூன்றாவது கோப்பையை நான் கழுவி வைத்துவிட்டேன்.

இனி ஒன்று. உங்கள் பழைய கடிதங்களை எல்லாம் நேற்று மறுபடி வாசித்தேன். சுடுதண்ணிப் பை சுட்டது தெரியவில்லை என்று பெப்ரவரியில் எழுதியிருக்கிறீர்கள். அது கிடக்கட்டும் என்று நீங்கள் எழுதினீர்கள். நானும் கிடக்க விட்டேன். உங்களுக்கும் சீனி இருக்கிறது. இரண்டு பேரும் நாலு மாதமாக அண்ணையின் காலையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

ஆகவே இதை வாசித்து முடித்ததும் எழும்புங்கள். தனுஷியாவின் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துத் தரையில் வையுங்கள். கதிரையில் இருந்து, முதலில் வலது உள்ளங்காலையும் பிறகு இடது உள்ளங்காலையும் அதற்கு மேலே பிடித்து, விரல் இடுக்கு விடாமல் உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

சரோ